பக்கத்து வீட்டு பாட்டியோட ஜப்பான் வாளும் அதுல இருந்த செக்போஸ்ட் முத்திரையும்

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்டுட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு போறப்ப காலிங் பெல் அடிச்சுது. பக்கத்து வீட்டு பாட்டி. எண்பது தாண்டியாச்சு, ஆனா இந்த ஒஹையோ பனியில தானே நின்னு வாசல் பனி தள்ளுற ஆளு. கையில பழைய போர்வையில சுத்தின நீளமான ஒண்ணு. "நீ ஜப்பான் கத்தி பாப்பியாமே, உன் மனைவி சொன்னா"ன்னாங்க. எங்க வீட்டம்மா அதை பெருமையா சொல்லிருப்பாங்கன்னு நான் நினைக்கல, "அந்த மனுஷனுக்கு வேற வேலை இல்ல"ங்கற டோன்லதான் சொல்லிருப்பாங்க, சரி விடுங்க.

போர்வையப் பிரிச்சா ஜப்பான் ராணுவ ஆபீசர் வாள். பாத்த உடனே தெரிஞ்சுது 98-ஆம் மாடல்னு, 1938-ல வந்த டிசைன். மெட்டல் உறை, பச்சையும் பழுப்பும் கலந்த பெயின்ட், திருக்கைமீன் தோல் மேல கயிறு சுத்தின பிடி, சகுரா பூ போட்ட பித்தளை வேலைப்பாடு. பிடியோட நுனியில குஞ்சம் அப்படியே இருந்துச்சு, ஒரு பக்கம் பழுப்பு இன்னொரு பக்கம் நீலம், அப்படின்னா லெப்டினன்ட்ல இருந்து கேப்டன் வரைக்குமான ஆபீசர். பழுப்பும் சிவப்பும்னா மேஜர்ல இருந்து கர்னல் வரைக்கும். பாட்டியோட அப்பா 1945 கடைசியில ஜப்பான்ல அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையில இருந்தவர், அங்கேருந்து கொண்டு வந்தாராம். இப்ப விஷயம் என்னன்னா பாட்டியோட மகன் இன்டர்நெட்ல எதையோ பாத்துட்டு "இதுல கவர்ன்மென்ட் முத்திரை இருக்கு, இது ஒரிஜினல் சாமுராய் கத்தி, இருபதாயிரம் டாலர் போகும்"னு சொல்லிட்டாராம். பாட்டிக்கு அதுல நம்பிக்கை இல்ல, அதான் என்கிட்ட.

இந்த ஒரு தப்பைத்தான் நான் திரும்பத் திரும்ப பாக்கறேன், அதனாலதான் இந்த போஸ்ட்டே. நம்ம ஊர்ல நகை வாங்கறப்ப 916 முத்திரை இருக்கான்னு பாக்கறோம், இருந்தா நிம்மதி. ஜப்பான் ராணுவ வாள்ல அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். பெரும்பாலான முத்திரை இருந்தா அது பாரம்பரியமா அடிச்ச வாள் இல்லன்னு அர்த்தம்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி முத்திரை எங்க இருக்கும்னு சொல்லணும். ஆபீசர் வாள்ல அது வெளிய தெரியாது. பிடிக்குள்ள ஒளிஞ்சிருக்கற இரும்புப் பகுதி, நகாகோன்னு சொல்வாங்க, அதுலதான் செஞ்சவர் பேர், தேதி, முத்திரை எல்லாம். அதைப் பாக்கணும்னா பிடியில குறுக்க போற மூங்கில் ஆணியை, மெகுகின்னு பேரு, சின்ன முனையில இருந்து மெதுவா தட்டி வெளிய தள்ளணும். அப்புறம் வாளை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, பிடிய பிடிச்சிருக்கற கையோட மணிக்கட்டுல இன்னொரு கை முஷ்டியால லேசா குத்தினா வாள் குலுங்கி மேல எழும்பும். சில வாள்ல ரெண்டு ஆணி இருக்கும், சிலதுல ஸ்க்ரூ, அதைப் பாக்காம ஒண்ணை மட்டும் எடுத்துட்டு இழுத்து பிடிய உடைச்சவங்கள எனக்குத் தெரியும். வெளிய எடுத்தப்புறம் வெட்டுற பகுதியில விரல் வைக்கக் கூடாது, கை ஈரம் பட்டா நாலு நாள்ல ரேகையோட துரு பிடிக்கும்.

இன்னொண்ணு, இதை கெஞ்சிக் கேட்டுக்கறேன், நகாகோல இருக்கற துருவை துடைக்காதீங்க. அந்த துருதான் வாளோட வயசு சர்டிபிகேட். எந்த நிறம், எவ்வளவு ஆழம், எழுத்து வெட்டுன பள்ளத்துக்குள்ளயும் அதே மாதிரி இருக்கா, இதை வெச்சுதான் பேர் அப்பவே வெட்டினதா பின்னாடி எவனோ வெட்டினதான்னு சொல்ல முடியும். நம்மாளு, அதான் பாட்டியோட மகன், எழுத்து தெளிவா தெரியட்டும்னு ஒரு பக்கம் ஸ்டீல் வுல் போட்டு தேச்சிருந்தாரு. பளபளன்னு இருந்துச்சு. எனக்கு வயித்தெரிச்சல். படிக்கணும்னா டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சாலே போதும், நிழல் விழுந்து எழுத்து தானா எழும்பும். இல்லன்னா மெல்லிசு பேப்பர் வெச்சு பென்சிலால தேய்க்கலாம், சின்ன வயசுல நாணயத்துல பண்ணுவோமே அது மாதிரி.

சரி, பாட்டியோட வாள்ல என்ன இருந்துச்சு? தேய்க்காத பக்கம், பேருக்கு மேல, சுண்டுவிரல் நகத்துல பாதி சைஸுக்கு ஒரு முத்திரை. ஒரு எழுத்து, பாக்க ரெண்டு கதவு வெச்ச வாசல் மாதிரி, வாசலுக்குள்ள ஏதோ நிக்கற மாதிரி. அதைப் பாத்ததும் சொல்லிட்டேன், செகி.

செகிங்கறது கிஃபு மாகாணத்துல இருக்கற ஊரு. கத்திக்குன்னே பேர் போன ஊரு, பல நூறு வருஷமா அங்க கொல்லர்கள் இருக்காங்க, இன்னைக்கும் ஜப்பான்ல சமையல் கத்தி ப்ளேடுன்னா செகிதான். அந்த ஊர் கொல்லர்கள்ல நிறைய பேரோட பேர் கனேன்னுதான் ஆரம்பிக்கும், கனேமோட்டோ, கனேசடான்னு பழைய பெரிய ஆளுங்க வழியில வந்த பழக்கம். பாட்டி வாள்லயும் கனேதான். போர் நேரத்துல ராணுவ வாள்ல பெரும்பங்கு இங்கேருந்துதான் போச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், செகிங்கற எழுத்துக்கே அர்த்தம் சோதனைச்சாவடி. ஊர் பேரே செக்போஸ்ட், அதையே சோதிச்சாச்சுன்னு குத்தற முத்திரையாவும் வெச்சிருக்காங்க. யாராவது வேணும்னே யோசிச்சாங்களான்னு தெரியாது, எனக்கு அதைப் பாக்கறப்பல்லாம் சிரிப்பு வரும்.

இந்த முத்திரை ஏன் வந்துச்சுன்னு பாத்தா, அங்க ஆபீசர்கள் வாளை சொந்தக் காசுல வாங்கணும். ராணுவம் குடுக்காது. ஆபீசர் கிளப் கடையில வாங்கலாம், டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல வாங்கலாம், தாத்தா காலத்து வாளை எடுத்து ராணுவ பிடி போட்டுக்கலாம், அது அவங்க இஷ்டம். 1937-ல சீனாவோட முழுப் போர் ஆரம்பிச்சதும் டிமாண்ட் எகிறிடுச்சு. பாரம்பரிய முறையில ஒரு வாள் அடிக்கறது சாமானிய வேலை இல்ல, மணல் இரும்புல இருந்து எடுத்த தமஹகனேங்கற எஃகை மடிச்சு மடிச்சு அடிச்சு, களிமண் பூசி, தண்ணியில முக்கி எடுக்கணும், முக்கறப்பவே சிலது விரிசல் விட்டுரும். அதுக்கெல்லாம் நேரம் ஏது. மில் எஃகை எடுத்து ஷேப் பண்ணி எண்ணெயில முக்கி எடுத்தாங்க. இதைத்தான் ஷோவா-டோன்னு சொல்றோம், ஷோவா காலத்து வாள். சிலது நல்லாவே இருந்துச்சு, சிலது படு மட்டம். மட்டச் சரக்கு பத்தி புகார் வர ஆரம்பிச்சதும் செகி கத்தித் தொழில்காரங்க சங்கமே செக் பண்ணி முத்திரை குத்துச்சு. முதல்ல ஷோவா முத்திரை, அதுல இருக்கற எழுத்தோட இடது பக்கம் ரெண்டு அறை வெச்ச சின்னப் பெட்டி இருக்கும், அது சூரியன். அப்புறம் செகி முத்திரை, அதுல சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு.

அதாவது அந்த முத்திரை சொல்றது இவ்வளவுதான்: "கடையில விக்கற இந்த சரக்கை பாத்தோம், வளையல உடையல, எடுத்துட்டுப் போங்க." சாமுராய்க்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. பாட்டிகிட்ட இதை கொஞ்சம் நாசூக்காதான் சொன்னேன். அவங்க "அப்ப டோஸ்டர் பின்னாடி இருக்கற ஸ்டிக்கர் மாதிரி"ன்னாங்க. நான் ரெண்டு பாரால சொன்னதை ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

தேதி படிக்கறது இருக்கே, அது பயங்கர ஜாலி, ஜப்பானிய மொழி ஒரு எழுத்து தெரியாதவங்க கூட பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். பேர் இருக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மேலேருந்து கீழ இருக்கும். முதல் ரெண்டு எழுத்து ஷோவா, ராஜாவோட ஆட்சிப் பேர், முதல் எழுத்து மேல சொன்ன அதே சூரியப் பெட்டி எழுத்துதான். அடுத்து நம்பர். பத்துன்னா ப்ளஸ் குறி. ஒண்ணு ரெண்டு மூணுன்னா அத்தனை படுக்கைக் கோடு. ஏழு நம்ம 7-ஐ கவுத்துப் போட்ட மாதிரி. எட்டு ரெண்டு கோடு ஒண்ணோட ஒண்ணு கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் சாஞ்ச மாதிரி. வர்ற நம்பரோட 1925 கூட்டினா ஆங்கில வருஷம். பாட்டி வாள்ல ப்ளஸ் குறி, கீழ கோவிச்சுக்கிட்ட ரெண்டு கோடு, பதினெட்டு, 1943. மாசம் ரெண்டு படுக்கைக் கோடு, பிப்ரவரி. இதுல ஒரு விஷயம், வாள்ல தேதி பாத்தீங்கன்னா ரெண்டாம் மாசம் எட்டாம் மாசம்தான் அதிகமா இருக்கும், அது பழைய காலத்து வழக்கம், நிஜமா அந்த மாசத்துலதான் அடிச்சாங்கன்னு எடுத்துக்க வேண்டாம். நாள் நம்பரும் பெரும்பாலும் இருக்காது, சும்மா "நாள்"னு மட்டும் போட்டு விட்ருவாங்க.

பாட்டி தானே அந்த எட்டைக் கண்டுபிடிச்சாங்க. அப்ப அவங்க முகத்துல வந்த சந்தோஷம் இருபதாயிரம் டாலருக்கு வந்திருக்காது.

சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியாவுல தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனியும் வாள் செஞ்சுது, ஆமா ரயில்வே கம்பெனிதான், தண்டவாளம் போடறவங்க. அதுல தேதி வேற மாதிரி, ஆட்சி வருஷ நம்பருக்கு பதிலா சீன அறுபது வருஷ சுழற்சிப் பேர் போட்டு வசந்தம்னு முடிச்சிருப்பாங்க. நமக்கு பிரபவ விபவ இருக்கற மாதிரியேதான், அதனால இந்தக் கணக்கு நமக்கு சட்டுன்னு புடிபட்டுரும். மஞ்சூரியக் குளிர்ல சாதா எஃகு நொறுங்கும்னு தனி முறையில செஞ்ச வாள், முறை பாரம்பரியம் இல்லன்னாலும் சேகரிக்கறவங்க அதுக்கு நல்ல காசு குடுக்கறாங்க.

இப்ப தலைகீழ் கணக்குக்கு விதிவிலக்கு. நட்சத்திரம். பேருக்கு மேலயோ நகாகோவோட முதுகுலயோ அஞ்சு முனை நட்சத்திரம் சின்னதா குத்திருந்தா உக்காந்து நிதானமா பாருங்க. ராணுவம் பரீட்சை வெச்சு எடுத்த கொல்லர்களுக்கு தமஹகனே எஃகை தானே குடுத்து பழைய முறையிலேயே அடிக்கச் சொன்ன வாள் அது. போரோட பின்பாதியிலதான் இந்த முத்திரை வரும். அதே மாதிரி டோக்கியோல யாசுகுனி கோயில் வளாகத்துக்குள்ளயே 1933-ல இருந்து 1945 வரைக்கும் ஒரு பட்டறை நடந்துச்சு, அங்க மொத்தம் சுமார் 8,100 வாள் அடிச்சாங்க, அங்க வேலை பாத்த கொல்லர்கள் பேர் யாசுன்னு ஆரம்பிக்கும். அதுவும் முழுக்க பாரம்பரிய வேலை.

அப்ப முத்திரையே இல்லன்னா பாரம்பரிய வாளான்னு கேப்பீங்க. அதான் இல்ல. முத்திரை குத்தாத ஷோவா-டோ எக்கச்சக்கம். இதை விட மோசம், முத்திரைய ராவி எடுத்துட்டு பாரம்பரிய வாள்னு விக்கறவங்க இருக்காங்க. முத்திரை இருக்க வேண்டிய இடத்துல லேசா பள்ளம், அங்க மட்டும் துரு வேற நிறம்னா கடைய விட்டு வெளிய வந்துருங்க. துருவைத் துடைக்காதீங்கன்னு நான் கத்தறதுக்கு இதுவும் காரணம், பாட்டி வாளை நாளைக்கு யாராவது வாங்க வந்தா அந்த பளபள பக்கத்தைப் பாத்து இங்க என்னத்தை அழிச்சாங்களோன்னுதான் முதல்ல சந்தேகப்படுவாங்க.

ஆர்சனல், அதாவது ராணுவ ஆயுதத் தொழிற்சாலை, அதோட முத்திரை வேற ரகம். சார்ஜென்ட் லெவல் ஆளுங்களுக்கு ராணுவமே வாள் குடுத்துச்சு, 1935-ல வந்த 95-ஆம் மாடல். அது சர்க்கார் சொத்து, அதனால பீரோவுல நம்பர் எழுதற மாதிரி வாள்லயே சீரியல் நம்பர் அடிச்சு, உறையிலயும் அதே நம்பர் அடிச்சு, பக்கத்துல எந்த ஆர்சனல் இன்ஸ்பெக்டர் பாத்தாரோ அந்த ஊரோட ஒரு எழுத்து. டோக்கியோன்னா மரத்துக்கு நடுவுல சூரியன் மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு எழுத்து. நகோயான்னா மேல பிறை மாதிரி, கீழ சதுரப் பெட்டி, இதே நகோயா எழுத்து போரோட கடைசி வருஷங்கள்ல ஆபீசர் வாளோட நகாகோலயும் வரும், ஏன்னா அப்ப செகி பக்கம் நகோயா ஆர்சனல் கைக்குப் போச்சு. கொகுரான்னா ரொம்ப ஈஸி, நடுவுல ஒரு நீளக் கோடு, ரெண்டு பக்கமும் சின்னதா ஒவ்வொண்ணு, சின்னதுங்கறதுக்கான எழுத்து அது.

அந்தக் குட்டி கொகுரா எழுத்தைப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ரெண்டாவது அணுகுண்டுக்கு முதல் குறி கொகுராதான், அதுவும் இந்த ஆர்சனல்தான். விமானம் மேல வந்து சுத்திருக்கு, மேகமும் புகையும் மறைச்சு குறி தெரியல, நாகசாகிக்கு போயிட்டாங்க. கடற்படை வாள்லயும் இப்படி ஒண்ணு இருக்கு. வட்டத்துக்குள்ள நங்கூரம் குத்திருந்தா டொயோகாவா கடற்படை ஆர்சனல், உப்புக்காத்துக்கு துரு பிடிக்காத எஃகுல செஞ்ச வாள் பெரும்பாலும் அங்கேருந்துதான். வட்டம் இல்லாம வெறும் நங்கூரம்னா காமகுரா பக்கம் இருந்த தென்ஷோசான் பட்டறை. அந்த டொயோகாவா மேல ஆகஸ்ட் 7-ஆம் தேதி குண்டு போட்டாங்க, ஹிரோஷிமாவுக்கு மறுநாள், 2,500 பேருக்கு மேல செத்தாங்க, அதுல வேலைக்கு இழுத்துட்டு வந்த பள்ளிக்கூடப் புள்ளைங்களும் இருந்தாங்க. வாள் மேல அழகா நங்கூரம் இருக்குன்னு லைக் வாங்கறோம்.

95-ஆம் மாடல் பத்தி பேசறப்ப என் சொந்த அசிங்கத்தையும் சொல்லிடறேன். இந்தப் பைத்தியம் ஆரம்பிச்ச புதுசுல ஒரு கன் ஷோல 350 டாலருக்கு ஒண்ணு வாங்கினேன். வாள் நம்பரும் உறை நம்பரும் அப்படியே மேட்ச். எனக்கு கை நடுங்குது, விக்கறவனுக்கு விலை தெரியல போலன்னு நெனச்சு பேரம் கூட பேசாம ஓடி வந்துட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வெச்சுப் பாத்தா நம்பர் பக்கத்துல இருந்த முத்திரை எந்த எழுத்துமே இல்ல, சும்மா கோழி கிளறின மாதிரி நாலு கீறல். நெஜ 95-ல பிடி பெரும்பாலும் மெட்டல்ல வார்த்தது, கயிறு சுத்தின மாதிரி அச்சு ஒவ்வொரு மடிப்பும் கூர்மையா இருக்கும், என்னோடது சப்பாத்தி மாவு பிசைஞ்ச மாதிரி மொழுக்குன்னு. ரெண்டும் போலி, ஒரே தொழிற்சாலையில ஒரே நாள்ல நம்பர் அடிச்சா மேட்ச் ஆகாம என்ன பண்ணும். அது இன்னும் கராஜ்ல இருக்கு, எங்க வீட்டம்மா அதுல ஒட்டடை அடிக்கறாங்க.

ஆபீசர் வாள்ல வர்ற நம்பர் கதை வேற. பிடி பாகங்கள், கைக்காப்புத் தட்டு, அதுக்கு மேலயும் கீழயும் வர்ற வளையங்கள்னு எல்லாத்துலயும் ரெண்டு மூணு இலக்கத்துல ஒரே நம்பர் அடிச்சிருக்கும், நகாகோல பெயின்ட்லயும் எழுதிருக்கும். அது சிப்பாயோட நம்பர் இல்ல. பாகங்கள் கலந்துறாம இருக்க அசெம்பிள் பண்றவர் போட்ட அடையாளம், டெய்லர் துணியில சாக்பீஸ்ல எழுதற மாதிரி. பாட்டி வாள்ல எல்லாம் 74. எல்லாமே 74-ங்கறது நல்ல சேதி, யாரும் பாகம் மாத்தல. மகன் அந்த 74-ஐ படைப்பிரிவு நம்பர்னு நெனச்சு தேடித் தேடி அலுத்துட்டாராம்.

விலை பத்தி பாட்டி கடைசியாதான் கேட்டாங்க. செகி முத்திரை, ஒரு பக்கம் தேச்ச நகாகோ, ஆனா குஞ்சம் இருக்கு, நம்பர் எல்லாம் மேட்ச், பெயின்ட் நல்லா இருக்கு. இருபதாயிரத்துல ஒரு சைபரை எடுத்துட்டு அதுலயும் கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னேன். "ஜப்பானுக்கே திருப்பி அனுப்பினா என்ன, யாரோட குடும்பத்துதோ"ன்னு கேட்டாங்க. அதுலதான் சிக்கல். ஜப்பான்ல பாரம்பரிய முறையில செஞ்ச வாளுக்கு மட்டும்தான் பதிவு குடுப்பாங்க, பதிவு இல்லாத வாளை வீட்ல வெச்சுக்க முடியாது. இந்த மாதிரி ஷோவா-டோவை அனுப்பினா அதை அழிக்கத்தான் வாய்ப்பு. அந்த நாட்டு ஆபீசர் கட்டிக்கிட்டு நின்ன வாளுக்கு அந்த நாட்டுக்குள்ள இடமில்ல, ஒஹையோல ஒரு பாட்டி வீட்டு அலமாரியில இருக்கலாம். பாட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல.

உறையோட வாய்ல கட்டியிருக்கற துணித் துண்டு ஏதும் இருந்துச்சான்னு கேட்டேன், சரணடையறப்ப சில ஆபீசர்கள் தன் பேர், ஊர் எழுதி வாளோட கட்டிக் குடுத்திருக்காங்க, சில குடும்பங்கள அதை வெச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படி ஒண்ணும் இல்லயாம். அப்பாவோட ட்ரங்குப் பெட்டியில ஒரு டைப் அடிச்ச பேப்பர் மட்டும் இருக்கு, போர் நினைவுப் பொருள் கொண்டு போக அனுமதின்னு அவர் மேலதிகாரி கையெழுத்துப் போட்டது. அதை தயவுசெஞ்சு வாளோடயே வைங்க, தனியா வைக்காதீங்கன்னேன்.

திருப்பி மாட்டறப்பதான் பாத்தேன், மூங்கில் ஆணி நீளவாக்குல விரிசல் விட்டிருக்கு. எண்பது வருஷ மூங்கில், இது இல்லாம பிடி நிக்காது, யாராவது சும்மா வீசிப் பாத்தா கூட வாள் பிடிய விட்டுப் பறந்துரும். சமையலறை டிராயரைக் குடைஞ்சு சைனீஸ் பார்சலோட வந்த மூங்கில் சாப்ஸ்டிக் ஒண்ணை எடுத்து, அரை மணி நேரம் பேனாக்கத்தியால சீவி, ஒரு முனை பெருசா ஒரு முனை சிறுசா ஆக்கி சொருகினேன். கச்சிதமா உக்காந்துச்சு. பழைய ஆணியை ஒரு கவர்ல போட்டு 74-னு எழுதிக் குடுத்தேன். பாட்டி அதை வாங்கிக்கிட்டு, வாளை அதே போர்வையில சுத்தி, மகன்கிட்ட டோஸ்டர் கதைய சொல்றேன்னு சிரிச்சுக்கிட்டே கிளம்பினாங்க.